பிறந்தநாள் பார்ட்டிக்கு ஆளுக்கு 900 ரூபாய். கூட்டத்துல ஒருத்திக்கு மட்டும் சம்பளம் இல்ல. என்ன பண்றது?

ஜிஎஸ்டி_ஜிகர்தண்டா (மதுரை)

வணக்கம் மக்களே. இங்க வாசிச்சிட்டு மட்டும் போற ஆளு நான். இன்னைக்குக் கேக்க ஒரு விஷயம் இருக்கு, கொஞ்சம் நீளமாப் போகும்.

நாங்க அஞ்சு பேர், பி.காம்ல ஒண்ணா உக்காந்தவங்க. காலேஜ் முடிஞ்சும் கூட்டம் கலையல. பேர் வேணாம், நாங்க கூப்பிடுற பட்டப்பேரையே சொல்றேன். கேப்டன் தனியார் பேங்க்ல லோன் செக்‌ஷன். நல்ல சம்பளம் அவளுக்குத்தான், எங்க போறதுன்னு முடிவு பண்றதும் அவதான். மைக் ஸ்கூல் டீச்சர். செல்லூர்ல அவ பேசினா கோரிப்பாளையத்துல கேக்கும். பரோட்டா, கூட்டத்துல ஒரே ஆம்பளப் பய, அப்பாவோட பாத்திரக்கடையில உக்காந்திருக்கான். நான் ஆடிட்டர் ஆபீஸ். 20ஆம் தேதி ரிட்டர்ன் போட்டு முடிக்கிற வரைக்கும் என்னைப் பெத்தவங்களே பாக்க முடியாது. அஞ்சாவது மேடம். குரூப் 2க்குப் படிக்கிறா. காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனா ராத்திரிதான் வீடு. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உக்காந்து படிக்க அங்க இடம் இருக்குல்ல, அங்கதான் அவ குடித்தனமே.

காலேஜ் காலத்துல எங்க கொண்டாட்டம்னா வண்டியூர் தெப்பக்குளம்தான். சாயந்தரம் சுத்துச்சுவர்ல உக்காந்து மசாலாப் பொரி, யாருக்காவது பொறந்தநாள்னா விளக்குத்தூண் போய் ஜிகர்தண்டா. பரோட்டா தலையில போட்டிருக்க தொப்பியைக் கழட்டுவான், அவங்கவங்க கையில இருக்கறதை அதுல போடுவோம். அதுல எவ்வளவு தேறுதோ அவ்வளவுக்குத்தான் ஆட்டம். அம்பது ரூபா போட்டவ யாரு, அஞ்சு ரூபா போட்டவ யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது, கேட்டதும் கிடையாது.

இப்ப கதையே வேற. போன கேப்டன் பொறந்தநாளுக்கு ஒரு மொட்டைமாடி ஹோட்டல், பலூன் வளைவு, மேசையில புஸ்ஸுனு மேல கிளம்பற பட்டாசு, எல்லாம் சேர்த்து ஒரு ‘பேக்கேஜ்’. கேக்ல பாதி மூஞ்சிக்கும் மீதி டிஷ்யூ பேப்பருக்கும் போச்சு, வயித்துக்குப் போனது கொஞ்சம்தான். மறுநாள் காலையில வாட்ஸ்அப்ல பில்லு, கூடவே ஜிபேல ஆளாளுக்குப் பிரிச்சு அனுப்பியாச்சு. யார் கட்டிட்டாங்க, யார் பாக்கின்னு பேரோட நிக்குது. மூணு நாள் மேடம் பேர் மட்டும் பாக்கியிலயே நின்னுச்சு. அப்புறம் கேப்டன், நல்ல மனசோடதான், ‘மேடத்துக்கு நான் போட்டுட்டேன், ஃப்ரீயா விடுங்க’ன்னு குரூப்லயே போட்டா. மேடம் பாத்தா, ஒரு வார்த்தை பதில் இல்ல. ஒரு வாரம் கழிச்சு முழுப் பணத்தையும் கேப்டனுக்கு அனுப்பிட்டா. அவங்க அப்பாகிட்ட வாங்கினாளா, வேற எப்படின்னு தெரியல.

அதுல இருந்து எங்க கூப்பிட்டாலும் ‘மாடல் டெஸ்ட் இருக்குடி’. டெஸ்ட் பேட்ச் சனிக்கிழமை மட்டும்தான்னு பரோட்டாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்ப மைக் பொறந்தநாள் வருது. கேப்டன் அதே மாதிரி ஒரு இடம் பாத்து வச்சிருக்கா, தலைக்கு 900. மைக் பாவம், ‘மேடம் வந்தாத்தான் கேக் வெட்டுவேன்’னு நிக்கிறா. மேடம் பங்கை நாங்க போட்டா அவளுக்கு வலிக்கும். சின்னதாப் பண்ணலாம்னு சொன்னா ‘எனக்காகத்தானே’ன்னு அதுவும் வலிக்கும். அவளைக் கூச்சப்படுத்தாம எப்படிக் கூட்டிட்டு வர்றது? மதுரையில அதிகம் செலவில்லாம, ஆனா ‘ஏதோ சிக்கனம் பண்றாங்க’ன்னு தோணாத மாதிரி, அஞ்சு பேரு எங்க போகலாம்?

---

பைபாஸ்_பாலு

900 எல்லாம் ஒரு காசா தங்கச்சி? சென்னைப் பக்கம் வந்து பாருங்க, பார்க்கிங்குக்கே போயிரும்.

ஜிஎஸ்டி_ஜிகர்தண்டா

அண்ணே, நாங்க மதுரையில இருக்கோம். வண்டியை மரத்தடியில விட்டுட்டுப் போயிருவோம்.

---

நாகமலைக்காரன்

இடத்துக்கு நான் பதில் சொல்றேன். சமணர் மலை. கீழக்குயில்குடி. காலேஜ்ல இருந்து ஒரு தடவையாச்சும் போயிருப்பீங்க, ஆனா விடியக்காலையில போயிருக்க மாட்டீங்க.

பெரியார்ல இருந்து டவுன் பஸ் இருக்கு. சாதாரண டவுன் பஸ்ல 2021ல இருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதுல்ல, ஆக நாலு பேருக்குச் செலவு பூஜ்யம். உங்க பரோட்டாவுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கணும். அவன் பங்கு அதுன்னு வச்சுக்கோங்க.

மலை அடிவாரத்துல தாமரைக் குளம். காலையில போனாத்தான் பூ விரிஞ்சிருக்கும், வெயில் ஏறினா கூம்பிடும். பக்கத்துல அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். அங்க இருந்து பாறையிலயே வெட்டின படி, கைப்பிடிக் கம்பி போட்டிருக்காங்க, சேலை கட்டிக்கிட்டுக்கூட ஏறிரலாம். பாதி உசரத்துல பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதுக்கு மேல பாறையில வரிசையாத் தீர்த்தங்கரர் சிலைங்க, கீழ வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆன வேலை. இந்தச் சிலையைச் செஞ்சு கொடுத்தது இன்னார்னுதான் அந்த எழுத்துல இருக்கு. அதே மலையில இன்னொரு பக்கம் செட்டிப்புடவு, குகைக்குள்ள பெரிய சிலை. எங்க சொந்தக்காரப் பயலுக அதைச் செட்டியார்னே சொல்லுவாய்ங்க, மகாவீரர்னு சொன்னா நம்ப மாட்டாய்ங்க.

மேல உக்காந்தா ஒரு பக்கம் நாகமலை பாம்பு மாதிரி நீளமாப் படுத்திருக்கும், கீழ வயலு, குளம். இதுக்கு முன்னாடி உங்க பலூன் வளைவு எல்லாம் என்னத்துக்கு ஆகும்.

ரெண்டு விஷயம். கேக்கை மேல கொண்டு போயி சிலைக்கு முன்னாடி வெட்டி மூஞ்சில தேய்க்கிற வேலை வேணாம். அது தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம். பாறையில பேரு கீறுறதும் வேணாம், ஏற்கெனவே நிறைய பேரு காதலிச்சு முடிச்சிருக்காய்ங்க. வெட்டுறதுன்னா கீழ ஆலமரத்தடிக்கு வந்து வெட்டுங்க. ஒன்பது மணிக்கு மேல பாறை சூடேறிடும், அதுக்குள்ள இறங்கிருங்க.

---

கணக்குப்பிள்ளை

நீங்களே ஆடிட்டர் ஆபீஸ், உங்களுக்கு நான் சொல்லணுமா? அந்தத் தொப்பியில கணக்கு இல்ல. அதான் சண்டையும் இல்ல. செல்போன்ல கணக்கு சுத்தமா இருக்கு, பேரோட, தொகையோட, பாக்கியோட. சமமாப் பிரிக்கிறதுதான் நியாயம்னு அது முடிவு பண்ணிருச்சு. 45 ஆயிரம் வாங்குறவளுக்கு 900 ஒரு செலவு, ஒண்ணுமே வாங்காதவளுக்கு 900 வேற ஒரு செலவு.

எங்க கூட்டத்துல ரெண்டு வழி வச்சிருக்கோம். பெரிய இடம்னா, கூப்பிடுறவன் கொடுக்கணும். பொறந்தநாள்காரன் ட்ரீட் தர்றான்னா அவன் தகுதிக்கு எங்க முடியுமோ அங்க தரட்டும், அடுத்தவன் பர்ஸை நம்பி இடம் பாக்கக் கூடாது. இல்லையா, பழையபடி ஒரு பை. ஆளாளுக்குக் கையை உள்ள விட்டு எடுக்கணும், யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. அதுல இருக்கறதுக்குத்தான் இடம்.

உங்க கேப்டன் பண்ணினதுல தப்பான எண்ணம் இல்லதான். ஆனா கடன் கொடுத்ததை ஊர்ல தண்டோரா போட்ட மாதிரி ஆயிருச்சு.

---

ஹால்டிக்கெட்

நான் உங்க மேடம் இருந்த இடத்துல இருந்தவ. இப்ப வேலையில இருக்கேன், அதனால சொல்ல முடியுது. எல்லாரும் பணத்தையே பேசுறீங்க. பணம் பாதிதான்.

சாயந்தரம் ஏழு மணிப் பார்ட்டின்னா எனக்கு என்ன ஆகும் தெரியுமா? மதியம் மூணு மணிக்கே மனசு கிளம்பிடும். என்ன போடுறது, எப்படிப் போறது, திரும்பி வர லேட் ஆனா அம்மா என்ன சொல்லுவாங்க. வந்து படுத்தா மறுநாள் காலையும் போச்சு. ஒரு கேக்குக்கு ஒண்ணரை நாள். சம்பளக்காரங்களுக்கு அது வெள்ளிக்கிழமை சாயந்தரம், எனக்கு அது பாலிட்டியில ரெண்டு பாடம்.

அடுத்தது கேள்வி. மேசையில உக்காந்ததும் யாராவது ஒருத்தர், அன்பாத்தான், ‘எப்படி, ரிசல்ட் எப்ப, கட்ஆஃப் எவ்வளவு வரும்?’ பக்கத்துல ஒருத்தி இன்க்ரிமென்ட் பத்திப் பேசுவா, ஒருத்தன் மேனேஜரைத் திட்டுவான். எனக்குத் திட்டக்கூட ஒரு மேனேஜர் இல்ல. சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன், தாடை வலிக்கும்.

அதனால முதல்ல குரூப்ல கேக்காதீங்க. நேர்ல போங்க, நூலகத்துக்கே போங்க. அவ டீ குடிக்க வெளிய வர்ற நேரம் உங்களுக்குத் தெரியும்தானே? ‘உனக்கு எந்த நேரம் ஒத்துவரும்’னு கேளுங்க. அவ நேரம் சொல்லட்டும், நீங்க அதுக்குத் தோதா வளைஞ்சு கொடுங்க. அவ ஏதாவது கொண்டு வரேன்னா வேணாம்னு சொல்லாதீங்க, தயவுசெஞ்சு. நாகமலைக்காரன் அண்ணன் சொன்ன விடியக்காலை நல்ல யோசனை, அவளோட படிப்பு நாள் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும்.

வேற எங்கயும் தோதுப்படலைன்னா மீனாட்சியம்மன் கோயில். கிண்டல் பண்ணல. 2018ல இருந்து உள்ள செல்போன் கொண்டு போக முடியாது. பொற்றாமரைக் குளத்தைச் சுத்தி இருக்க மண்டபத்துல உக்காந்தா போட்டோ இல்ல, ஸ்டேட்டஸ் இல்ல, பேசித்தான் ஆகணும். நானும் என் ஃப்ரெண்டும் கடைசியா மனசுவிட்டுப் பேசினது அங்கதான்.

---

தல்லாகுளத்து_அத்தை

பிள்ளைகளா, இதெல்லாம் வாசிச்சா எனக்குச் சிரிப்பா வருது. எங்க காலத்துல ‘அவுட்டிங்’னு ஒண்ணு கிடையாது. சித்திரைத் திருவிழா ஒண்ணுதான் எங்களுக்கு லைசென்ஸ். அழகர் மூணுமாவடிக்கு வந்ததும் எதிர்சேவைன்னு கிளம்பினா, மறுநாள் ஆத்துல இறங்கி, ராமராயர் மண்டபத்துல தசாவதாரம் பாக்கிற வரைக்கும் வீட்டுல ஒரு கேள்வி இருக்காது. சாமி பாக்கத்தானே போறாளுகன்னு விட்டுருவாங்க. நாங்க சாமியைப் பாத்தது ஒரு நிமிஷம். மீதி நேரம் முழுக்க ஊர்க்கதை. மண்டபத்துக்கு மண்டபம் நீர்மோரு, பானகம், ரோஸ்மில்க், தக்காளிச் சாதம். ஒரு பைசா செலவில்ல. அழகர் வேஷம் போட்டவங்க தோல்பையில தண்ணி பீச்சி எங்க தாவணி எல்லாம் நனைஞ்சு, வீட்டுக்குப் போய் அதுக்குத் திட்டு வாங்கினதுதான் செலவு.

அந்தக் கூட்டத்துல எனக்கும் ஒரு கேப்டன் இருந்தா. இப்ப மூட்டுவலின்னு திருநகர்ல உக்காந்திருக்கா. இன்னமும் எங்க போகணும்னு போன்லயே உத்தரவு போடுறா.

பாப்பா, சித்திரைக்கு அந்த மேடத்தைக் கூட்டிட்டு வா. பரீட்சைக்கும் ஒரு வேண்டுதல் வச்ச மாதிரி இருக்கும்.

---

ஜிஎஸ்டி_ஜிகர்தண்டா

எல்லாருக்கும் நன்றி. மைக் பொறந்தநாள் முடிஞ்சிருச்சு. கேட்டவ நானு, என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல.

ஹால்டிக்கெட் அக்கா சொன்ன மாதிரி நூலகத்துக்கே போனேன். டீ குடிக்க வெளிய வந்தா. என்னைப் பாத்ததும் ‘யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா’ன்னுதான் கேட்டா, அவ்வளவு நாளாச்சு நேர்ல பாத்து. சமணர் மலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் டீயவே பாத்துக்கிட்டு இருந்துட்டு, ‘ஒன்பது மணிக்கு நூலக வாசல்ல என்னை இறக்கி விடணும், ஒன்பதே கால்னா வரமாட்டேன்’ன்னா. அப்புறம், ‘இட்லி நான் கொண்டு வர்றேன்.’ எனக்கு வேணாம்னு சொல்ல வாய் வந்துச்சு. அக்கா, உங்க ஞாபகம் வந்து மூடிக்கிட்டேன்.

ஒன்பது மணிக் கணக்குக்கு பஸ் ஒத்துவராதுன்னு பரோட்டா அவங்க கடை லோடு ஆட்டோவை எடுத்துட்டு வந்தான். நாகமலை அண்ணே மன்னிக்கணும், டிக்கெட் எடுக்காம தப்பிச்சுட்டான். விடியக்காலை குளிர்ல பின்னாடி பாத்திர மூட்டைக்கு நடுவுல நாங்க நாலு பேரு. மேடு பள்ளத்துல வண்டி குதிக்கும்போதெல்லாம் ஒரு அண்டா கிணுங்கும், மைக் அதுக்கு மேல கத்துவா. கேப்டன் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா, ‘இருட்டுல போட்டோ என்னடி வரும்’னு. தாமரைக் குளத்தைப் பாத்ததும் அவ்வளவுதான், எங்களை நிக்க வச்சே அரை மணி நேரம் கொன்னுட்டா.

மேல பேச்சிப்பள்ளத்துல பெரிசா எதுவும் பேசல. மேடம்தான் வட்டெழுத்தைக் காட்டி ஏதோ விளக்கினா. பரோட்டா ‘ஆயிரம் வருஷம் முன்னாடியும் நன்கொடை கொடுத்தவன் பேரைப் போட்டுத்தான்யா விட்டிருக்கான்’ன்னான். கேப்டன் திரும்பி அவனை ஒரு பார்வை பாத்தா. அப்புறம் அவளே முதல்ல சிரிச்சுட்டா. மேடம் சிரிச்சது அதுக்கு அப்புறம்.

கேக் கிடையாது. மைக் வீட்டுல செஞ்ச கேசரியை எவர்சில்வர் தட்டுல கவுத்து, மேல ஒரு மெழுகுவர்த்தி. கேசரியில மெழுகுவர்த்தி நிக்காதுங்க, சொல்லிட்டேன். நெய்யில வழுக்கி ஒரு பக்கமாச் சாயும். பரோட்டா நிமித்திப் பிடிப்பான், ஆலமரத்தடிக் காத்து அணைச்சிரும். கடைசியில கேப்டன் துப்பட்டாவால மறைச்சுப் பிடிக்க, நாங்க பாட்டை ஆரம்பிக்கிறதுக்குள்ள மைக்கே அவசரப்பட்டு ஊதிட்டா. மேடம் கொண்டு வந்தது மிளகாய்ப்பொடி தடவின இட்லி, வாழையிலையில அஞ்சு பொட்டலமாக் கட்டி, ஒவ்வொண்ணு மேலயும் பேனாவால பட்டப்பேரு. நல்லெண்ணெய் இலை தாண்டி அவ நோட்டுல கசிஞ்சிருந்துச்சு, அதைப் பத்தி அவ கவலையே படல. வழியில வாங்கின பருத்திப்பாலு, சுக்குக் காரத்தோட, சூடா. ரிசல்ட் பத்தி யாரும் வாயைத் திறக்கல. மைக் ஒரு தடவை திறந்தா, பரோட்டா இட்லியை வச்சு அடைச்சுட்டான்.

பணத்துக்கு எங்க அப்பத்தாவோட சுருக்குப்பை. கணக்குப்பிள்ளை சொன்னபடி எல்லாரும் கையை உள்ள விட்டு எடுத்தோம். டீசலுக்கும் பருத்திப்பாலுக்கும் போக மிச்சம் கிடக்கு. எவ்வளவுன்னு கேப்டன் கேட்டா. கட்சிக்காரங்க கணக்கை வெளிய சொல்றது எங்க ஆபீஸ்ல வழக்கமில்லைன்னு சொல்லிட்டேன்.

எட்டு அம்பத்தஞ்சுக்கு மேடத்தை நூலக வாசல்ல இறக்கியாச்சு. பாத்திர வண்டியில வந்து இறங்குறவளை செக்யூரிட்டி அண்ணன் ஒரு மாதிரி பாத்தாரு.

எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். கேப்டனும் மேடமும் அந்தப் பணத்தைப் பத்தி இன்னும் பேசிக்கல. கேப்டன் தன் அடுத்த பொறந்தநாளுக்கு மொட்டைமாடிதான்னு நிக்கிறா, ஆனா முழுச் செலவும் தன்னோட ட்ரீட்டுன்னு இப்பவே எழுதி வச்சுட்டா. அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை கீழடி மியூசியம் போகணும்னு மேடமே கேக்குறா. சிலபஸ்ல தொல்லியல் வருதாம், படிப்புக் கணக்குல எழுதிக்கலாமாம். வைகைக்கரையில 2600 வருஷத்துக்கு முந்தி ஆடின சில்லையும் ஆட்டக்காயையும் பாக்கணும்னு பரோட்டாவும் குதிக்கிறான், அவனுக்கு என்ன சிலபஸ்னு தெரியல.

சிலைமான் பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு நல்ல மெஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கறி இருக்கணும், சாம்பாரும் நல்லா இருக்கணும், மேடம் ஞாயித்துக்கிழமை கறி சாப்பிட மாட்டா. அன்னைக்கும் லோடு ஆட்டோதான், அதனால வண்டி நிறுத்த இடம் இருக்கான்னும் சொல்லிருங்க.